செக்கச்செவேல்னு இருக்கே, விளையுமா? குலசைத் தேரி மண்ணுக்குள் ஒரு ட்ரிப்!

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் போகும் வழியில் கொஞ்சம் மேற்கே திரும்பிப் பாருங்க. அதுக்கப்புறம் போனை வெளியே எடுக்காமல் இருக்கவே முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை செக்கச்செவேல் மணல், நடுநடுவே பனை, மேலே நீல வானம். ஃபில்டரே தேவையில்லை. இதுதான் தேரி. மணல்மேட்டுக்குத் தமிழில் இருக்கும் பழைய பெயர்.

போட்டோ பார்த்து லைக் போடுறவங்களில் சிலர் இப்போ இன்னொரு கேள்வியும் கேட்கிறாங்க. "அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கிப் போடலாமா?" 2024 பிப்ரவரி 28 அன்று குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பேச்சு கூடிடுச்சு. வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா, "செம்மண் பூமி, எதை வெச்சாலும் வரும்"னு யாராவது சொன்னா மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. செம்மண் வேற, தேரி மண் வேற.

கையில் இருக்கிற தண்ணி பாட்டிலைத் திறந்து அந்த மணலில் கொஞ்சம் ஊத்துங்க. ஓடாது, தேங்காது. ஊத்தின இடத்திலேயே காணாமல் போயிடும். தேரி ஓரத்தில் பனையேறும் அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "இதுக்குத் தாகம் தீராது தம்பி, நீங்க லாரி வெச்சு ஊத்தினாலும் குடிச்சிரும்"னு சிரிச்சார். மண்ணியல் பாடத்தின் முதல் அத்தியாயம் அதுதான்.

எந்த மண்ணையும் எடுத்துக்கோங்க, மூன்று அளவுத் துகள்களின் கலவைதான் அது. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை இருந்தால் மணல். அதற்குக் கீழே 0.002 வரை வண்டல். அதையும்விடப் பொடிசு என்றால் களி. மணல் காற்றையும் தண்ணீரையும் உள்ளே விடும், ஆனால் பிடித்து வைக்காது. களி எல்லாத்தையும் பிடித்து வைக்கும், ஆனால் லேசில் விடாது. ரெண்டும் அளவா கலந்து, வண்டலும் சேர்ந்தால் அதுதான் விவசாயி தேடுற மண். நம்ம ஊரில் அதை இருமண்பாடு என்பார்கள், இருவாட்டி என்றும் சொல்வார்கள். தோராயமாக 40 சதவிகிதம் மணல், 40 வண்டல், 20 களி. இப்படிப்பட்ட மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் மழையைப் பயிருக்காகச் சேமித்து வைக்கும். வெறும் மணல் பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தொடாது.

இந்த இருமண்பாட்டின் உலக சாம்பியன் எங்கே இருக்குன்னு கேட்டால், அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளி மேட்டு நிலங்களையும் உக்ரைன், ரஷ்யா பக்கத்துக் கறுப்பு மண்ணையும் காட்டுவார்கள். அங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் புல் முளைத்து, வேர் மண்ணுக்குள்ளேயே மக்கி, மேல் அடுக்கு முழுக்கக் கறுத்து, மெத்தென்று ஆகிவிட்டது. அமெரிக்க வகைப்பாட்டில் அதற்குப் பெயர் 'மாலிசால்'. மென்மை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இங்கே ஒரு சின்ன ஆச்சரியம். ரஷ்யாவின் கறுப்பு மண்ணைப் பற்றி டோகுச்சாயேவ் எழுதி, மண்ணியலைத் தனி அறிவியலாக்கிய புத்தகம் வெளிவந்தது 1883-ல். அதே 1883-ல்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அதில் நம்ம தேரிகளும் உண்டு.

இன்றைக்கு அமெரிக்க முறை உலக மண்ணை 12 பெரிய வகுப்புகளாகப் பிரிக்கிறது. இந்தியாவிலும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். வகுப்புக்குள் வகுப்பாக இறங்கிக் கடைசியில் 'தொடர்' என்ற படிக்கு வரும்போது, மண்ணுக்கு ஊர் பெயரே வைத்துவிடுவார்கள். கோவைப் பக்கத்து இருகூர், பீளமேடு ரெண்டும் அப்படி மண் தொடர்களின் பெயராகிவிட்டன. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? நிறத்தை மட்டும் வைத்து இல்லை. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, உள்ளே இறங்கி, சுவரில் தெரியும் அடுக்குகளைப் படிக்கிறார்கள். மேலே கறுத்த அடுக்கு இருக்கா, களி கீழே இறங்கிப் படிஞ்சிருக்கா, சுண்ணாம்பு இருக்கா... இதெல்லாம்தான் மண்ணின் ஜாதகம்.

தேரியில் அப்படிக் குழி வெட்டிப் பார்த்தால்? ஒண்ணும் இல்லை. மேலேயும் சிவப்பு மணல், கீழேயும் சிவப்பு மணல். தெளிவான அடுக்குகள் உருவாகாத இப்படிப்பட்ட மண்ணுக்கு 'எண்டிசால்' என்று பெயர். அதிலும் மணலாகவே இருந்தால் 'சாமென்ட்'. பிரெய்ரி மண்ணுக்கு இந்தப் பட்டியலில் நேரெதிர் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள் இவர்.

ஸ்ரீவைகுண்டத்தில் பைக்கை எடுத்து நாசரேத், மெஞ்ஞானபுரம், உடன்குடி வழியாகக் குலசைக்கு வந்து பாருங்க. தாமிரபரணி கொண்டுவந்து போட்ட வண்டலில் நெல்லும் வாழையும் பார்த்துக் கிளம்புவீங்க. கொஞ்ச நேரத்தில் தேரியும் பனையும். கடைசியில் கடற்கரையின் வெளிர் மணல். வடக்கே கோவில்பட்டிப் பக்கம் போனால், வெயிலில் வெடித்து மழையில் உப்பும் கரிசல் தனிக் கதை. அது 'வெர்டிசால்'. நிலத்தைத் திணையாகப் பிரித்த நம்மாளுங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? இங்கே ஊர் பெயர்களே சொல்லிடும். திசையன்விளை, இடைச்சிவிளை என்று 'விளை'யில் முடிகிற ஊர் என்றால், மரம் வைத்து வளர்த்த மேட்டு நிலம் என்று புரிந்துகொள்ளலாம்.

அப்போ அந்தச் சிவப்பு?

அது மேக்கப்தான். மணியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது வெளிறிய படிகம். அதன் மேல் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. ஆய்வகத்தில் அமிலம் போட்டு அந்தப் பூச்சைக் கரைத்தால் மணல் வெளுத்துவிடும். இரும்பு இருக்கிறதால் சத்தான மண் என்று நினைக்காதீங்க. துருப்பிடித்த ஆணியை நட்டு வைத்தால் பயிருக்குச் சோறு கிடைக்குமா? பயிருக்கு வேண்டிய தழைச்சத்து, அதைப் பிடித்து வைக்கும் மட்கு ரெண்டுமே இங்கே மிகக் குறைவு.

இந்த மணலைக் குவித்தது காற்று. இங்கே ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை அனுபவித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, பல்லில் நறநறன்னு மணல் கடிபடும். தேரி ரொம்ப வயசானதும்கூட. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-ல் விரிவாக எழுதினார்கள். அந்தக் குட்டிக் குட்டிக் கல் கத்திகளைச் செதுக்கியவர்கள் இதே மேடுகளில்தான் நடமாடியிருக்கிறார்கள்.

சத்து இல்லாத மண்ணில் பனை மட்டும் எப்படி? சல்லி வேரை ஆழமாகவும் அகலமாகவும் பரப்பி, மணல் கைவிட்ட தண்ணீரைத் தேடிப் பிடிக்கிற மரம் அது. காற்றில் நகரும் மணலைக் கட்டிப்போடுவதும் அதுவே. பதநீர் கொடுக்கப் பதினைந்து வருஷம் போலக் காத்திருக்க வேண்டும், ஆனால் அதுவரைக்கும் யாரிடமும் எதையும் கேட்காது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் இந்த ஏழை மண்ணுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. முந்திரியும் முருங்கையும்கூட இந்தப் பக்கம் தாக்குப்பிடிக்கும். நெல், வாழை ஆசையோடு வந்தால்தான் சிக்கல்.

விளையாத மண் என்றால் வீண் மண்ணா? தேரி குடித்த மழை எங்கே போகுது என்று யோசிங்க. மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் இறுகிய அடுக்கில் முட்டி, மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, தாழ்வான இடத்தில் சுனையாகக் கசியும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் பெயரிலேயே சுனை இருக்கிறது. சாத்தான்குளம் பக்கத்து வைரவன்தருவை, புத்தன்தருவை மாதிரியான பெரிய நீர்ப்பரப்புகளும் தேரியை ஒட்டித்தான். 'தருவை' என்ற அழகான சொல்லை வேறு எங்கே கேட்டிருக்கீங்க?

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, நிலத்தடியில் நல்ல தண்ணீர் நின்றால்தான் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு மழையின் எவ்வளவு பங்கு பூமிக்குள் இறங்கும், எவ்வளவு ஊருக்குள் ஓடும் என்பதை முடிவு செய்வதில் மண்ணுக்குப் பெரிய கை உண்டு. தேரியைச் சமப்படுத்தி சிமென்ட் போட்டால் அந்த உறிஞ்சும் வாயை மூடுகிறோம். மணலோடு கலந்து கிடக்கும் இல்மனைட் என்ற கனிமத்துக்காகவும் இதன் மேல் ஒரு கண் உண்டு. சாத்தான்குளம் பகுதியில் டைட்டானியம் எடுக்க டாடா ஸ்டீல் 2007-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர்க்காரர்களின் எதிர்ப்பில் திட்டம் அப்படியே நின்றுபோனது.

இடம் பார்க்கப் போறீங்களா? பாட்டில் எடுத்துக்கோங்க

கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நல்லா குலுக்கி அசையாமல் வையுங்க. ஒரு நிமிஷத்துக்குள் அடியில் படிவது மணல். ரெண்டு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல். அடுத்த நாள் வரைக்கும் தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருப்பது களி. ஸ்கேல் வைத்து அளந்தால் எது எத்தனை சதவிகிதம் என்று கணக்குப் போட்டுடலாம். தேரி மண்ணில் முதல் நிமிஷத்திலேயே கிட்டத்தட்ட முழுப் படமும் முடிஞ்சிடும்.

சத்து விவரம் பாட்டிலில் தெரியாது. அதற்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி கொடுத்து மண்வள அட்டை வாங்கணும். அதில் 12 அளவீடுகள் வரும். முதலில் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து மூன்றையும் பாருங்க. கரிமச் சத்து 0.5 சதவிகிதத்துக்குக் கீழே என்றால், தொழுவுரமும் பசுந்தாளும் போட்டு வருஷக்கணக்கில் உழைக்கத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கோங்க.

இன்னொரு விஷயம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் மார்கழி பிறப்பை ஒட்டிக் கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தேரியில் இளநீர் வெட்டுவார்கள். அது சிந்திய மண்ணை அள்ள அவ்வளவு கூட்டம். வீட்டிலும் வயலிலும் தூவினால் செழிக்கும் என்பது நம்பிக்கை. சத்தே இல்லாத மணலை, சத்துள்ள வயலில் தூவ, முந்தியில் முடிஞ்சு எடுத்துட்டுப் போறாங்க.