வெள்ளம் வரும் வழியை வரைந்து வைப்போம்

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதி, மாவடிப்பள்ளி அருகே வயல்களை ஊடறுத்துச் செல்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த வீதியின் மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. நிந்தவூரிலுள்ள அரபுக் கல்லூரியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அதில் அள்ளுண்டு போயிற்று. மாணவர் அறுவர் உயிரிழந்தனர். அந்தப் பெற்றோரின் துயரத்தை இன மத வேறுபாடின்றி இக்கரையோரம் முழுவதும் பகிர்ந்துகொண்டது.

எவரையும் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். மாரி காலத்தில் அந்த வீதியில் தண்ணீர் ஏறும் என்பதை அயலிலுள்ள விவசாயிகள் அறிவார்கள். கிட்டங்கி வீதியும் அப்படித்தான். எந்த மதகு அடைபட்டால் எந்த வட்டை மூழ்கும், எந்த இடத்தில் நீர் ஆளை இழுக்கும் என்று வட்டை விதானையாரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இந்த அறிவு முழுவதும் மனிதரின் தலைக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகங்களிலோ வேறு படங்கள் இருக்கின்றன. இவ்விரண்டும் ஒரே தாளில் சந்திப்பது அரிது. அவை சந்திக்காத இடத்தில்தான் உயிர்கள் போகின்றன.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நாம் மறக்கவில்லை. சுமாத்திராவுக்கு அருகே நில நடுக்கம் ஏற்பட்டபோது இங்கே காலை ஏழு மணியாகவில்லை. கடல் எமது கரையை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரத்தில் ஒருவரும் எமக்குச் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நெருக்கமாக வாழ்ந்த ஊர்களில் வீடுகள் நின்ற இடமே தெரியாமல் போயிற்று.

அதன் பின்னர் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைக்கப்பட்டது. ஆனால் அதே காலத்தில் இன்னொரு பாடத்தையும் நாம் கற்றோம். வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று ஒரு கோடு கீறப்பட்டது. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக ஒடுங்கிய நிலத்தில் வாழும் மக்கள் 200 மீற்றரை விட்டால் எங்கே போவார்கள்? பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கிடையில் எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்காக முகாம்களில் காத்திருந்தன. படத்தில் கீறப்படும் ஒரு கோடு குடும்பங்களின் வாழ்க்கையையே மாற்றிவிடும். ஆகவே அந்தக் கோட்டைக் கீறும்போது நாமும் அருகில் இருக்க வேண்டும்.

அது இயலாத காரியமா? எமக்கு அயலிலேயே நடந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் இறுதியில், உலக வங்கியின் உதவியோடு, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வேறு அரச திணைக்களங்களும் மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரிவைப் படமாக்கும் பணியைத் தொடங்கின. செய்மதிப் படத்தைப் பார்த்து வீடுகளையும் வீதிகளையும் முதலில் வரைந்தார்கள். பின்பு தெருத்தெருவாக நடந்து சென்று, கட்டடம் எதனால் ஆனது, எத்தனை மாடி, என்ன பயன்பாடு என்று குறித்துக்கொண்டார்கள். இவ்வாறு 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ‘ஓபன் ஸ்ட்ரீட் மெப்’ என்னும் பொதுப் படத்தில் சேர்க்கப்பட்டன. இந்தப் படத்துக்குத் தனி உரிமையாளர் இல்லை. எவரும் இலவசமாகப் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், தவறிருந்தால் திருத்தலாம்.

2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டின் தலைநகர் நில நடுக்கத்தில் இடிந்தபோது, உலகின் பல பாகங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் இதே பொதுப் படத்தில் அந்நகரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர் அதைக் கொண்டே வழி கண்டார்கள். அங்கே இடிந்த பின்னர் வரைந்தார்கள். மட்டக்களப்பில் ஆபத்து வருமுன் வரைந்தார்கள். நாம் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாவது வழியையே.

இத்தகைய படத்தின் மேல் வெள்ளம் ஏறிய அளவைப் பதித்தால் பல விடயங்கள் கண்முன்னே தெரியும். எத்தனை வீடுகள் மூழ்கும், எந்தப் பாடசாலை மேட்டில் இருக்கிறது, எந்தப் பாதை முதலில் துண்டிக்கப்படும் என்று முன்னரே அறியலாம். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் முரண்படும்போது, இரு தரப்பும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசலாம். மேட்டு நிலத்தில் பெய்த மழை வாய்க்கால் வழியே இறங்கி வரும்போது தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் என்று எல்லை பார்ப்பதில்லை. படமும் அப்படியே முழுமையாக வரையப்பட வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. யுத்த காலத்தில் விட்டுவந்த காணிகளில் பற்றை வளர்ந்து காடாயிற்று. மேலிருந்து பார்க்கும் செய்மதிக்கு அது காடுதான். அங்கே உங்கள் தகப்பனார் வேளாண்மை செய்தார் என்பது அதற்குத் தெரியாது. அவ்வாறான காணிகள் பல பின்னர் ஒதுக்கப்பட்ட காடுகளின் எல்லைக்குள் அடங்கிப்போயின. ஆகவே பழைய குளம், கிணறு, வாய்க்கால், மையவாடி, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றைப் படத்தில் சேர்ப்பது முக்கியம். மக்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை சாட்சி சொல்லும். ஆனால் பொதுப் படம் காணி உறுதிக்கு ஈடாகாது. உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஒவ்வொரு கிராமமும் செய்யக்கூடியவை சில:

1. விவசாயிகள், மீனவர்கள், பெண்கள், முதியோர் யாவரும் கூடி, தரையில் ஊரின் படத்தைக் கீறுங்கள். 1978 சூறாவளியையும் 2011 பெருவெள்ளத்தையும் கண்டவர்கள் முதலில் பேசட்டும். கிணறு கலங்கியதையும் பிள்ளைகளைத் தூக்கிச் சென்ற பாதையையும் பெண்களே நன்கறிவார்கள்.

2. வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரிலோ மின்கம்பத்திலோ ஆண்டோடு குறித்து வையுங்கள்.

3. இளைஞர்கள் கைத்தொலைபேசியோடு அந்த இடங்களுக்குச் சென்று அவற்றைப் பதியட்டும். இடத்தைக் காட்டும் கருவி இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

4. யாருடைய வீடு, அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம் ஆகியவற்றைப் பொதுப் படத்தில் இடாதீர்கள். தனியே தூக்கிச் செல்ல வேண்டிய நோயாளர், வயோதிபர் பட்டியல் கிராம உத்தியோகத்தரிடமும் ஊர்க் குழுவிடமும் மட்டும் இருக்கட்டும்.

5. படத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். இன்னொரு பிரதியைப் பெரிதாக அச்சிட்டுப் பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் தொங்க விடுங்கள். வெள்ள நாளில் மின்சாரம் இராது, தாள் இருக்கும்.

நோவா என்று விவிலியமும் நூஹ் நபி என்று திருக்குர்ஆனும் கூறும் அந்தப் பெரியவரின் வரலாற்றை எமது பிள்ளைகள் யாவரும் அறிவார்கள். அவர் பேழையைக் கட்டியது காய்ந்த தரையிலே. பார்த்தவர்கள் நகைத்தார்கள். மழை தொடங்கிய பின்னர் கட்டத் தொடங்கியிருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

அடுத்த பெரும்போகத்துக்கு வயல் உழும்போது, ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோம். மாவடிப்பள்ளி வீதியில் எந்த அளவுக்குத் தண்ணீர் ஏறினால் எவரும் இறங்கக்கூடாது என்று ஊராரே ஓர் அடையாளக் கல்லை நட்டு, அதைப் படத்திலும் குறிப்போம். அதன் பின்னர் ஒரு பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால், அந்த ஒரு நாள் உழைப்பின் பயன் நிறைவேறும்.