வாசல் வெளிச்சம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சேலை எடுக்கப் போகிற பெண்கள், கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், கடைசியில் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். "வெளிச்சத்துல ஒருக்கப் பாத்துருவோம்." மேட்சிங் ரவிக்கைத் துணியும் கூடவே வரும். உள்ளே ஒரே அரக்காகத் தெரிந்த இரண்டும் வாசலில் பிரிந்து நிற்கும். ஒன்றில் பழுப்பு ஓடும், மற்றதில் ஊதா ஓடும். கடைக்காரர் மேல் குற்றமில்லை. இரண்டு துணிக்கும் போட்ட சாயம் வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும் நிறம் கடை விளக்கில் இல்லை.

கடை விளக்கில் என்ன குறை என்று தெரிய, பழுதான எல்இடி பல்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வட்டத் தகட்டில் மஞ்சள் மஞ்சளாகச் சின்னச் சதுரங்கள் இருக்கும். அந்த மஞ்சள், பாஸ்பர் என்கிற பூச்சு. அதன் அடியில் இருக்கும் சில்லு தருவது நீலம் மட்டும்தான். ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் வாங்கிக்கொடுத்த நீலம் அது. அதில் ஒரு பங்கைப் பாஸ்பர் விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. தப்பித்து வரும் நீலமும் அந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகிவிடுகின்றன.

கண் இதை நம்பும், துணி நம்பாது. வீட்டில் பழைய சிடி இருந்தால் பல்புக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். வானவில் போலப் பிரியும் பட்டையில் நீலம் பளிச்சென்று இருக்கும், அதை ஒட்டி ஒரு மங்கல், பிறகு பச்சையும் மஞ்சளும் அகலமாக, சிவப்பின் கோடியில் மறுபடி மங்கல். அதே சிடியைப் பகலில் ஜன்னலோரம் பிடித்தால் இந்த மங்கலான பள்ளங்கள் தெரியாது. பகல் வெளிச்சம் போன்ற விளக்கை வடிவமைப்பது என்றால், முக்கியமாக இந்தப் பள்ளங்களைத் தூர்ப்பதுதான். பல்பைப் பிரகாசமாக்கினால் பள்ளமும் கூடவே பெரிதாகும்.

பெட்டியில் 'சிஆர்ஐ 80' என்று போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. வெளிறிய 8 நிறங்களின் சராசரியாகத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது, சராசரியில் சேராது. 80 வாங்கிய பல்பு சிவப்பில் பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலிருக்கும் கிளிக்கு நாள்தோறும் மாதுளம்பூவால் மூக்கு வைக்கிறார்கள். அந்தச் சிவப்பை இப்படிப்பட்ட பல்பின் கீழ் பார்த்தால் வாடின பூ மாதிரி இருக்கும். எனக்கு இது சின்னக் குறையாகப் படவில்லை.

பள்ளத்தைத் தூர்க்க ஒரு வழி, நீலச் சில்லுக்குப் பதில் 410 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் ஊதாச் சில்லை வைத்து, அதன் மேல் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று பாஸ்பர்களைக் கலந்து பூசுவது. நிறமாலை சூரியனுடையதை நெருங்கிவிடும். ஆனால் நம் கண்ணுக்குப் பச்சையில்தான் கூர்மை அதிகம். ஆழ்சிவப்புக்குச் செலவாகும் மின்சாரம் லூமன் என்கிற பிரகாசக் கணக்கில் அவ்வளவாக ஏறாது. அதே வாட்டுக்கு லூமன் குறைந்து தெரிவதால், இந்த விளக்கு கடை அலமாரியில் தோற்றுப்போகிறது.

பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நூற்பாலைகளின் பேக்கிங் பிரிவில் நூல் கோன்களை இருட்டில் அடுக்கிப் புறஊதா விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் எல்லாம் ஒரே வெள்ளை. புறஊதாவில் ஒரு கோன் நீலம் பூக்கும், பக்கத்துக் கோன் மஞ்சளடிக்கும். பஞ்சு லாட் மாறியிருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டால், சாயமேற்றிய துணியில் அது வரி வரியாக வந்து நிற்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். மருத்துவத் துணி புறஊதாவில் பளிச்சென்று நீலமாக ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் வெளுப்பூட்டும் ரசாயனம் ஏறியிருக்கலாம். வெள்ளைச் சட்டை வெயிலில் மின்னுவதும் இந்த ரசாயனத்தால்தான். வெயிலில் புறஊதா இருக்கிறது, சாதாரண எல்இடியில் இல்லை. அதனால் துணி பார்ப்பதற்கான விளக்குப் பெட்டிகளில் புறஊதா எல்இடியையும் அளந்து சேர்க்கிறார்கள்.

உடம்புக்கும் இதில் பங்குண்டு. விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன. அவை அதிகம் கவனிப்பது 480 நானோமீட்டர் பக்கத்து வெளிச்சத்தை. சிடியில் நீலத்தை ஒட்டித் தெரிந்த பள்ளம் ஏறத்தாழ அதே இடம். பகலில் அதை நிரப்பி, இரவில் குறைக்கிற விளக்குகள் வந்துவிட்டன. நைட் ஷிப்ட் ஓடுகிற ஊர் இதை யோசிக்க வேண்டும்.

பகல் வெளிச்சம் என்று எதை வைத்துக்கொள்வது? துணித் தொழில் உலகெங்கும் பின்பற்றும் டி65 என்ற அளவுகோல், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்தில் எடுத்த 622 அளவீடுகளிலிருந்து 1960களில் பிறந்தது. அதே பத்தாண்டில் டெல்லி வானத்தை சாஸ்திரி, தாஸ் என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் அளந்தார்கள். ஆனால் ராஜபாளையத்தில் மாலை வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். அதற்குப் பிறகும் வெகுநேரம் வானம் வெளுத்துக் கிடக்கும். தெருவில் விழுவது நீலம் கலந்த அந்த வான வெளிச்சம்தான். வாசலுக்கு வந்த அரக்குச் சேலை அப்போது காலையில் பார்த்த அரக்காக இருக்காது. ஏதாவது ஒரு கல்லூரி மாடியில் நிறமாலைமானியை வைத்து, சித்திரை முதல் பங்குனி வரை இந்த வெளிச்சத்தை அளந்து எழுதிவைக்கலாம்.