நிவாரண வாளி நிரம்பும் விதம்

போரோ வெள்ளமோ வீட்டைப் பறித்துக்கொண்ட குடும்பத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், அரிசி, கூடாரம், மருந்து என்றுதான் வரிசையாகச் சொல்வோம். சோப்பு நினைவுக்கு வர நேரமாகும். உடுத்திய துணியோடு முகாமில் வந்து இறங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மென்னோனைட் மத்தியக் குழு என்ற கிறிஸ்தவ அமைப்பு அந்தத் தேவையை வாளியில் அடைத்து அனுப்புகிறது. தென் ரஷ்யாவில், இன்றைய உக்ரைன் பகுதியில், பட்டினி கிடந்தவர்களுக்கு உதவ 1920இல் தொடங்கிய அமைப்பு இது. வாளிகளை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடாவில் உள்ள சபைகளின் தொண்டர்கள்.

வேலை ஆரம்பிப்பது பட்டியலில். "முடிந்ததைக் கொண்டுவாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாக அறிவித்தால் மூட்டை மூட்டையாகப் பழைய துணிதான் வந்து சேரும். அதனால் இன்னது, இத்தனை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூடியோடு 5 கேலன் பிளாஸ்டிக் வாளி ஒன்று, அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் பிடிப்பது. குளியல் சோப்பு 4, துவைக்கிற சோப்பு 4, ஷாம்பு ஒரு புட்டி, பெரியவர்களுக்கான பல் பிரஷ் 4, குளியல் துண்டு 4, அகலப் பல் சீப்பு 2, நகவெட்டி ஒன்று, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒரு பெட்டி, சானிட்டரி நாப்கின் ஒரு பாக்கெட். உள்ளே வைப்பவை எல்லாம் புதியவை. துண்டு அடர்நிறத்திலோ பளிச்சென்ற நிறத்திலோ இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் அலசப்போகிறவர்களுக்கு வெள்ளைத் துண்டு கொடுத்து என்ன பயன்?

பழைய துணி கொண்டுவருகிறவர்களையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அதற்கு இந்த அமைப்பின் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. முதல் கடை 1972இல் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், ஆல்டோனா என்ற ஊரில் திறக்கப்பட்டது. அங்கே விற்று வருகிற பணம் நிவாரணத்துக்குப் போகிறது.

பட்டியலைப் பார்த்த எவரும் கேட்பது, பிரஷ் இருக்கிறதே, பற்பசை எங்கே என்று. பற்பசைக்குக் காலாவதித் தேதி உண்டு. ஆளாளுக்குக் கடையில் வாங்கியது கிடங்கில் காத்திருந்து, கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் தேதி முடிந்துவிடலாம். ஆகவே நீண்ட காலம் தாங்கும் பற்பசையை அமைப்பே வாங்கி, கப்பலேற்றும் முன் சேர்த்துவிடுகிறது.

அடுக்குவதிலும் பக்குவம் வேண்டும். சபைக் கூடத்தில் மேசைகளை நீளமாகப் போட்டு, பொருள்களை வகை வகையாகக் குவித்துவிட்டால், தொண்டர் வாளியோடு ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனையில் முடிக்கலாம். ஷாம்பு புட்டியை ஜிப் பைக்குள் போட்டு இறுக மூட வேண்டும். அது கசிந்தால் துண்டும் நாப்கினும் பாழ். சோப்புகளின் காகித உறையைப் பிரிக்கக் கூடாது. கனமான சோப்புகள் அடியில், புட்டி ஓரத்தில் நிமிர்ந்தபடி, இடுக்கில் பிரஷும் சீப்பும். இடத்தை அடைப்பவை நான்கு துண்டுகள்தான். மடித்து வைத்தால் மூடி ஏறாது. இறுகச் சுருட்டி நிறுத்தினால் அடங்கிவிடும். மூடியைச் சுற்றிலும் அழுத்தி, ஒவ்வோர் இடத்திலும் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

தொண்டர்களுக்கு மனம் கேட்காத கட்டம் ஒன்று உண்டு. ஒரு சாக்லேட், ஒரு பொம்மை, நாலு வரியில் ஆறுதல் கடிதம் என்று ஏதாவது கூடுதலாக வைக்கக் கை பரபரக்கும். அன்பில் எழுவதுதான், ஆனாலும் வைக்கக் கூடாது. வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தாய்மாரில் ஒருத்தி வாளியில் பொம்மை, மற்றவள் வாளியில் இல்லை என்றால், அவள் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? சுங்கத்தில் காட்டும் பட்டியலும் உள்ளிருக்கும் பொருளும் ஒத்துப்போக வேண்டும். எல்லா வாளியும் ஒன்றுபோல் இருந்தால்தான் பங்கிடுகிறவர் எதையும் பிரித்துப் பார்க்காமல், யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் கொடுக்க முடியும். கொடுப்பவர் தன் ஆசையை அடக்கிக்கொள்வதும் இங்கே கொடையில் சேர்த்தி.

நிரம்பிய வாளிகள் பென்சில்வேனியாவின் எஃப்ராட்டாவில் இருப்பது போன்ற சேகரிப்பு மையங்களுக்குப் போகின்றன. அங்கும் தொண்டர்கள்தான் சரிபார்க்கிறார்கள். குறைந்ததை நிரப்பி, பற்பசை சேர்த்து, கன்டெய்னரில் ஏற்றுகிறார்கள்.

போய்ச் சேருமிடத்தில் உள்ளூர்க் கூட்டாளி அமைப்புகள் குடும்பங்களை அடையாளம் கண்டு, மதம் பார்க்காமல் வழங்குகின்றன. சோப்பு தீர்ந்தபின் வாளியில் தண்ணீர் பிடிக்கலாம், துணி ஊறவைக்கலாம். அட்டைப்பெட்டியில் அனுப்பினால் இது நடக்காது.

அடுக்கி முடித்தபின் மேசையில் சில சோப்புகளும் ஒற்றைச் சீப்பும் மிஞ்சியிருக்கும். அவற்றை எண்ணிக் குறித்து, அடுத்த அறிவிப்பில் எது குறைவோ அதை மட்டும் கேட்க வேண்டும்.