நான்கு சக்கரமும் உந்த வேண்டுமா?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சென்னைவாசிகளின் பேச்சில் மழையோடு காரும் சேர்ந்துகொள்கிறது. தி.நகர் பக்கம் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா, மேட்லி சுரங்கப்பாதையை மூடிவிட்டார்களா, அடையாற்றில் எவ்வளவு வெள்ளம் போகிறது என்று விசாரிக்கிறோம். புதிதாக வாகனம் வாங்க எண்ணியிருக்கும் குடும்பங்களில் அப்போது ஒரு கேள்வியும் எழுகிறது. ‘சிறிய டீசல் கார் போதும் என்றிருந்தோம். இந்த வெள்ளத்தைப் பார்த்தால், நான்கு சக்கரங்களும் உந்துகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டியாகவே வாங்கிவிட்டால் என்ன?’

நியாயமான கேள்விதான். மனைவி மக்களின் பாதுகாப்பைக் கருதிக் கேட்கப்படும் கேள்வி. ஆயினும் இதில் சில லட்ச ரூபாய் அடங்கியிருக்கிறது. அது நீங்கள் வியர்வை சிந்திச் சேர்த்த ஹலாலான பணம். எனவே அச்சத்தையும் ஆசையையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அறிவைக் கொண்டு ஆராய்வோம்.

அது செய்வதும் செய்யாததும்

ஹாட்ச்பேக் எனப்படும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் விசை முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்கிறது. பின்சக்கரங்கள் இழுபட்டு வருகின்றன. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியிலோ, அடித்தட்டின் கீழே ஓடும் ஒரு தண்டின் வழியாக அந்த விசை பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. முன்சக்கரங்கள் சேற்றில் சிக்கி வீணே சுழலும்போது, பின்சக்கரங்கள் வண்டியை உந்தித் தள்ளும். மாடுகள் இழுக்கத் திணறும் பார வண்டியைப் பின்னாலிருந்து இருவர் தள்ளிவிடுவதைப் போன்றது இது. சேறு, மணல், உறைபனி, செங்குத்தான மண்பாதை ஆகிய இடங்களில் இதன் அருமை தெரியும்.

ஆனால், இது செய்யாதவை மூன்று உண்டு. முதலாவது, வண்டியை விரைவாக நிறுத்த இது உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. இரண்டாவது, இது வண்டியைத் தரையிலிருந்து ஓர் அங்குலம்கூட உயர்த்தாது. உயரம் என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. மூன்றாவது, எஞ்சின் மூச்சுவிடும் காற்றுக்குழாய்க்குள் தண்ணீர் புகுவதை இது தடுக்காது.

இந்த மூன்றாவதை நினைவில் நிறுத்துங்கள். சென்னைக்காரரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஒரே எஞ்சின், இரண்டு நாடுகள்

இத்தாலி நாட்டின் ஃபியட் நிறுவனம் உருவாக்கிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை அறியாதவர் நம் நாட்டில் குறைவு. மாருதி ஸ்விஃப்டில் 2007இலும், டாடா இண்டிகா விஸ்டாவில் 2008இலும், ஃபியட் புன்ட்டோவில் 2009இலும் இங்கே அறிமுகமாகி, லட்சக்கணக்கான குடும்பங்களைச் சுமந்த எஞ்சின் அது. அம்மூன்று கார்களிலும் முன்சக்கரங்கள் மட்டுமே உந்தின.

அதே எஞ்சினை இத்தாலியில் ‘பாண்டா’ என்ற சிறு காரில் பொருத்தி, நான்கு சக்கர இயக்கத்துடனும் விற்றார்கள். 1983 முதலே அந்தக் காருக்கு நான்கு சக்கர இயக்கம் கொண்ட வகை இருந்துவந்தது. காரணம் எளிது. ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். அங்கே கடைக்குப் போவதற்கும் மருத்துவரிடம் செல்வதற்கும் அது தேவை. மயிலாப்பூருக்கு அந்தத் தேவை இல்லை. அதனால்தான் நம் சிறு டீசல் கார்களில் அவ்வசதியை வைத்து விற்க எவரும் முன்வரவில்லை.

இன்றைய நிலை என்ன? மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. 2025ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்கப்பட்ட ஒரே டீசல் ஹாட்ச்பேக் டாடா ஆல்ட்ரோஸ். அதிலும் உந்துபவை முன்சக்கரங்களே. டீசலும் வேண்டும், நான்கு சக்கர இயக்கமும் வேண்டும் என்பவர் ஹாட்ச்பேக்கை விட்டுவிட்டு, மஹிந்திரா தார் போன்ற ஜீப் வகைக்குத்தான் போக வேண்டும்.

அங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று கதவுத் தார் வண்டி, பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் வகையாக 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுடன் 2023 ஜனவரியில் வந்தது. அதன் நான்கு சக்கர டீசல் வகையில் இருப்பது 2.2 லிட்டர் எஞ்சின். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1500 சி.சி.க்கும் மிகாத டீசல் காருக்கு வரி 18 விழுக்காடு. மிகுந்தால் 40 விழுக்காடு. ஆக, பின்னிரு சக்கரங்களும் உந்தும் வண்டியோ ஹாட்ச்பேக்கோ 18இல் நிற்க, நான்கும் உந்தும் வண்டி 40இல் போய் நிற்கிறது. கூடுதல் எடையால் கூடும் டீசல் செலவும், கூடுதல் பற்சக்கரப் பெட்டிகளின் பராமரிப்பும் ஆண்டுதோறும் தொடர்வன.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டபோது, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மக்களை மீட்டவை மீனவர்களின் படகுகள். பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவு திறந்து அடைக்கலம் தந்ததை இந்த நகரம் மறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல்களைப் போல அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் அப்போது உதவிக்கு வந்தவை படகுகளும் ஹெலிகாப்டர்களும்தாம்.

ஏன் அப்படி? ஓடும் தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறு காரைப் புரட்டிவிட வல்லது. இரண்டடி ஆழம் பெரிய வண்டிகளையும் இழுத்துச் சென்றுவிடும். மிதக்கத் தொடங்கிய வண்டிக்குத் தரைப்பிடிப்பே இல்லை. பிடிப்பில்லாத இடத்தில் இரண்டு சக்கரம் சுழன்றால் என்ன, நான்கு சுழன்றால் என்ன?

தேங்கி நிற்கும் தண்ணீரிலோ ஆபத்து வேறு விதம். காற்றுக்குழாய் வழியே தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்தால், காற்றைப் போலத் தண்ணீரை அழுத்தி ஒடுக்க முடியாது. டீசல் எஞ்சின் காற்றை மிக அதிகமாக அழுத்தி இயங்குவது. ஆதலால் அதன் உள்ளுறுப்பான கனெக்டிங் ராடு வளைந்தே போகும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வது அந்தச் சேதத்தைத் தேடிப் போய் வாங்குவதாகும். நான்கு சக்கர இயக்கம் இருக்கும் தைரியத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்குபவர், இல்லாதவரைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். இல்லாதவர் இறங்கவே அஞ்சுவார்!

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரி மக்கள் கார்களை முன்கூட்டியே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முந்தைய ஆண்டின் அனுபவம் தந்த அறிவு அது. அங்கே வரிசையாக நின்ற கார்களில் எத்தனை சக்கரம் உந்துகிறது என்று யார் பார்த்தார்கள்? மேட்டில் இருந்தது தப்பியது. அவ்வளவே.

மூன்று படிகள்

ஒட்டகத்தைக் கட்டாமலே இறைவனை நம்பலாமா என்று கேட்டவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விளக்கத்தை நாம் அறிவோம். முன்னெச்சரிக்கை நம் மார்க்கம் கற்பித்தது. அப்படியானால் நான்கு சக்கர இயக்கமும் ஒட்டகத்தைக் கட்டும் கயிறுதானே என்று நீங்கள் கேட்கலாம். கயிறுதான். ஆனால் சென்னை வெள்ளத்தைப் பொறுத்தவரை, கட்ட வேண்டிய காலில் அது கட்டப்படவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘அல்முஸ்தஸ்ஃபா’ என்னும் நூலில் மனிதனின் நலன்களை மூன்று படிகளாக வகுக்கிறார்கள். அது இல்லாவிட்டால் வாழ்வே குலையும் என்பது ளரூரத். இல்லாவிட்டால் சிரமம் நேரும் என்பது ஹாஜத். இருந்தால் அழகு என்பது தஹ்ஸீன். நம் கேள்வியை இந்தப் படிகளில் வைத்துப் பாருங்கள். மழையில் மண்பாதையாகிவிடும் மலைத்தோட்டத்துக்கு அன்றாடம் செல்பவருக்கும், சேற்று வழியே நோயாளியை ஏற்றி வர வேண்டியவருக்கும் நான்கு சக்கர இயக்கம் ஹாஜத். சில வேளை ளரூரத்தும் ஆகலாம். அவர்கள் தயங்காமல் வாங்கட்டும்.

அடையாற்றில் வீடு, தி.நகரில் கடை, பிள்ளைகளுக்கு மயிலாப்பூரில் பள்ளி, பெருநாளுக்குக் கீழக்கரையோ அதிராம்பட்டினமோ என்று வாழ்பவருக்கு வழி முழுவதும் தார்ச்சாலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலும் சாதாரண கார்கள் ஏறி இறங்குகின்றன. கொழுக்குமலை போன்ற கரடுமுரடான இடத்துக்கு ஆண்டில் ஒரு நாள் போக ஆசைப்பட்டால், அங்கேயே வாடகை ஜீப் கிடைக்கிறது. இத்தகையவருக்கு அது தஹ்ஸீன் மட்டுமே. தஹ்ஸீன் ஹராமன்று, வசதியுள்ளவர் அனுபவிக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் லட்சங்களுக்காக வட்டிக்குக் கடன் வாங்குவதும், மகளின் மேற்படிப்புக்கென வைத்த பணத்தில் கைவைப்பதும், அண்டை வீட்டாரின் பார்வைக்காக வாங்குவதும் அழகின் எல்லையைக் கடந்து, குர்ஆன் கண்டிக்கும் இஸ்ராஃப் என்னும் விரயத்தில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். அன்றாடம் நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு டீசலே பொருந்துமா? இன்றைய பி.எஸ்.6 டீசல் கார்களின் புகைக்கரி வடிகட்டி, அவ்வப்போது தொலைதூரம் ஓடிச் சூடேறினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நகருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

கயிற்றைச் சரியான காலில் கட்டுவதும் எளிதே. மழைக்கு முன் டயர்களைப் பாருங்கள். வரிப்பள்ளம் சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்வரை காத்திராமல் மாற்றுங்கள். எச்சரிக்கை வந்தால் வண்டியை மேடான இடத்தில் நிறுத்துங்கள். ஆழம் தெரியாத நீரில் இறங்காதீர்கள். அந்த நேரம் வீட்டில் இருப்பதே நலம்.

மிச்சமாகும் பணத்தில் பிள்ளையின் கல்விக்கு ஒரு பங்கும், வெள்ளத்தில் வீடிழந்த ஏழைக்கு ஒரு பங்கும் போகுமானால், அதைவிடச் சிறந்த பயணச் செலவு வேறெது? தேவையையும் ஆசையையும் பிரித்தறியும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.