ஈ.சி.எம். போச்சா? கொஞ்சம் பொறுங்கள்!

"ஈ.சி.எம். போச்சு, மாத்திடு!" ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. விடுமுறையில் நான் பயிற்சிக்குப் போன இடத்திலும் அப்படித்தான். காய்கறி ஏற்றும் டீசல் லோடு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கேனரில் நாலைந்து சென்சார்கள் ஒரே நேரத்தில் ஃபால்ட். புது ஈ.சி.எம். விலையைக் கேட்ட ஓனர் அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டிக்கு இன்னும் தவணை கட்டி முடியவில்லையாம்.

நாலைந்து சென்சார் ஒரே நாளில் எப்படிங்க கெடும்? ஈ.சி.எம். அவற்றுக்கு 5 வோல்ட் சப்ளை கொடுக்கிறது. பல சென்சார்கள் ஒரே லைனைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும் அந்த லைனே படுத்துவிடும். பயந்துகொண்டேதான் மேஸ்திரியிடம் சொன்னேன். "மீட்டர் வச்சுப் பாருடா" என்றார். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.3! சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பூஸ்ட் பிரஷர் சென்சாரைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தது.

இதற்கு முன்பே பேட்டரி சப்ளை, ஃபியூஸ், ரிலே, எர்த் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். எர்த் வயரில் துரு பிடித்தாலும் ஈ.சி.எம். செத்தது போலவே நடிக்கும்.

நிஜமாகவே அது கெட்டிருந்தால்? பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அதே பார்ட் நம்பரை மாட்டணும். மாட்டினால் மட்டும் போதாது. இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியைப் பதிய வேண்டும். பல காமன் ரெயில் என்ஜின்களில் இன்ஜெக்டர் கோடுகளையும் ஏற்ற வேண்டும். பழையது எதனால் எரிந்தது என்றும் தேட வேண்டும், இல்லையென்றால் புதியதும் எரியும்.

அந்த வண்டிக்கு சென்சார் மட்டும்தான் மாற்றினோம். அன்று ராத்திரியே மார்க்கெட்டுக்குப் போய்விட்டது.