அப்பா கேட்கும் இரண்டாவது கேள்வி

நாகர்கோவிலில் வாழும் எங்கள் தந்தையார் ஞாயிறுதோறும் எங்களைத் தொலைபேசியில் அழைப்பார். முதற் கேள்வி, பேரப்பிள்ளைகள் நலந்தானா என்பது. இரண்டாவது கேள்வி, மற்றப் பெற்றோர் பெரும்பாலும் கேட்காத ஒன்று: “மக்களே, டயர்ல பட்டன் இருக்கா?”

முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள பள்ளவரிகளைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் ‘பட்டன்’ என்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு வலியதாயினும், பிரேக் எவ்வளவு புதியதாயினும், வண்டி தரையைத் தொடுவது உள்ளங்கையளவான நான்கு ரப்பர்த் துண்டுகளால் மட்டுமே என்று அவர் அடிக்கடி சொல்வார். நாங்களும் “இருக்கிறது அப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். அந்த விடையை ஒருமுறை கூடக் குனிந்து பார்த்துச் சொன்னதில்லை.

நாங்கள் கனடாவில், டொரன்டோ மாநகரின் கீழ்ப்பகுதியாகிய ஸ்கார்பரோவில் குடியிருக்கிறோம். வேலையோ நகரத்துக்கு மேற்கே, மில்டனில். 401ஆம் நெடுஞ்சாலை வழியாகப் போகவும் வரவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கடைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போவதையும் சேர்த்தால், எங்கள் கார் ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டர் ஓடுகிறது. இங்குள்ள பல குடும்பங்களின் கார் ஓடுவதைப்போல் இது இரண்டு மடங்கு. நம் மறைமாவட்டக் குடும்பங்கள் பலவற்றின் மக்களும் மருமக்களும் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் இவ்வாறே நாள்தோறும் சாலையில் இருக்கிறார்கள். ஆகவே, எங்களுக்கு நேர்ந்ததை எழுதுவது சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறோம்.

ஒரு நவம்பர் மாலை

அந்த ஆண்டு செப்டம்பரில் எண்ணெய் மாற்றுவதற்காகக் காரைப் பட்டறைக்குக் கொண்டு போனோம். டயர்களைப் பார்த்த பணியாளர், “மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது. சட்டப்படி இன்னும் ஓட்டலாம். அடுத்த வசந்தத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்” என்றார். நான்கு டயர்களின் விலை எங்களுக்குச் சிறு தொகையன்று. அவர் சொன்ன சொல் எங்கள் காதுக்கு இனித்தது. யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. தள்ளிப்போட விரும்பியவர்கள் நாங்களே.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை. குளிர்ந்த மழை. வீட்டுக்கு மூன்று தெருக்களே இருந்தன. சிக்னல் மஞ்சளாகிச் சிவப்பாயிற்று. எங்கள் வேகம் மிகுதியன்று. பிரேக்கை மிதித்தோம். மிதி காலின்கீழ் படபடவென்று அதிர்ந்தது. கார் நிற்காமல் நழுவிக்கொண்டே போயிற்று. வெள்ளைக் கோட்டைக் கடந்து, பாதசாரிகள் கடக்கும் இடத்தின் நடுவே நின்றது. காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மூதாட்டி ஒருவர் எங்கள் முன்விளக்குக்கு இரண்டடி தொலைவில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்து போனார்.

பின்னிருக்கையிலிருந்த இளைய மகள் கேட்டாள்: “பிரேக் போட்டீங்க இல்ல, கார் ஏன் நிக்கல?”

அந்தக் குழந்தைக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமென்றே நாங்கள் டயரைப் பற்றிக் கற்கத் தொடங்கினோம். மறுவாரம் பனிக்கால டயர்களை மாட்டினோம். தேய்ந்த நான்குக்கும் பதில் எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ளப் பனிக்காலம் முழுவதும் செலவிட்டோம்.

பெயரை நம்பலாமா?

இங்குப் பெரும்பாலான கார்களில் வருவன ‘ஆல்-சீசன்’ டயர்கள், அதாவது எல்லாப் பருவத்துக்கும் உரியவை எனப் பெயர் பெற்றவை. முன்னாளில் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் கோடைக்கு ஒரு வகையும் பனிக்கு ஒரு வகையுமாக டயர்களை மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். 1977இல் குட்இயர் நிறுவனம் ‘டீம்போ’ என்னும் டயரை வெளியிட்டு, ஆண்டு முழுவதும் ஒன்றே போதும் என்று விளம்பரம் செய்தது. மக்களுக்கு அது வசதியாயிருந்தது, பெயரும் நிலைத்துவிட்டது.

ஆனால் பெயர் சொல்வதெல்லாம் உண்மையன்று. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இவ்வகை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. தரையைப் பற்றும் ஆற்றல் குறைகிறது. ஆகவே கனடாவில் பலர் இதனை ‘மூன்று பருவ டயர்’ என்றே சொல்கிறார்கள். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். எங்கள் ஒன்டாரியோவில் அத்தகைய கட்டாயம் இல்லை. எனினும் பனிக்கால டயர் போடுவோருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது.

டயரின் பக்கச் சுவரிலுள்ள இரண்டு குறிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ‘எம்’, ‘எஸ்’ என்னும் எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் உரியது என்பதைக் குறிப்பன. வரிகளின் வடிவத்தை வைத்தே இக்குறி இடப்படுகிறது. அதற்கென ஓட்டிப் பார்க்கும் சோதனை கிடையாது. மூன்று சிகரங்களையுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரையப்பட்டிருந்தால், அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியது என்று பொருள். இந்த மலைக்குறியுடன், ஆண்டு முழுவதும் ஓட்டத்தக்க ‘ஆல்-வெதர்’ என்றொரு வகையும் உண்டு. பெயரில் சிறு வேறுபாடுதான்; பொருளில் பெரு வேறுபாடு. இரண்டு தொகுதி டயர்களை வைக்க இடமில்லாத அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு அது ஏற்றது. எங்களிடம் பனிக்கால டயர்கள் இருந்தமையால், மற்ற ஏழு மாதங்களுக்கான ஆல்-சீசன் டயரையே தேர்ந்தெடுக்க முடிவு செய்தோம்.

பக்கச் சுவரைப் படித்தல்

எங்கள் கொரொல்லாவுக்கு உரிய அளவு 205/55 ஆர் 16, 91 எச். அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு. ‘ஆர்’ என்றால் ரேடியல். சக்கரத்தின் விட்டம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்பதையும், ‘எச்’ என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். விலை குறைவு என்பதற்காக இந்தச் சுமை எண்ணில் குறைந்ததை வாங்கலாகாது.

அமெரிக்க அரசின் விதிப்படி மேலும் மூன்று தரக் குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, தேய்மான எண். இது 100 என்னும் ஒப்பீட்டு டயரோடு வைத்துக் கணக்கிடப்படுவது. டயரை டெக்சாஸ் மாநிலத்துச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, தயாரிப்பாளரே அந்த எண்ணை இடுகிறார். ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. இரண்டாவது, ஈரத்தில் பிடிப்பு. ‘ஏஏ’ மிக உயர்ந்தது. அடுத்து ‘ஏ’, ‘பி’, ‘சி’. நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டுமே இது காட்டும். வளைவில் நழுவுவதைக் காட்டாது. மூன்றாவது, வெப்பத்தைத் தாங்கும் திறன். நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு இதில் ‘ஏ’ இருத்தல் நன்று.

‘டாட்’ என்று தொடங்கும் எண்வரிசையின் இறுதி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி போன்றவை. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. எங்களைப்போல் மிகுதியாக ஓடுவோரின் டயர்கள் முதுமையடையுமுன் தேய்ந்துவிடும். எனினும் கடையில் நெடுநாள் கிடந்ததை வாங்காதிருக்க இதைப் பார்க்கவேண்டும்.

எரிபொருளும் கணக்கில் சேரும். டயரின் உருளும் தடை பத்து விழுக்காடு குறைந்தால், எரிபொருள் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு மிச்சமாகிறது. 100 கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் குடிக்கும் எங்கள் காருக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 26 முதல் 52 லிட்டர் வரை மிச்சம். நல்லதுதான், ஆனால் ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுத்து வாங்கத்தக்க இலாபம் அன்று.

கடைசிக் கால் பங்கு

இனி, எங்கள் மகளின் கேள்விக்கு வருவோம்.

புதிய டயரின் வரிப்பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமுடையது. பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முற்றும் முடிந்தது என்பது பொருள். பட்டறைப் பணியாளர் “இன்னும் ஓட்டலாம்” என்றது இதை வைத்தே.

ஆனால் மழைநீருக்குச் சட்டம் தெரியாது. சாலையில் நிற்கும் நீரைப் பிளந்து வெளியேற்றுவது அந்தப் பள்ளம். பள்ளம் ஆழமற்றுப்போனால் நீர் வெளியேற இடமின்றி, டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்குகிறது. ஏ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் வெளியிட்ட சோதனை முடிவு எங்களைத் திடுக்கிடச் செய்தது. ஈரச் சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் சென்று பிரேக் பிடித்தபோது, ஓர் அங்குலத்தில் 32இல் 4 பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர் பட்டன் மீந்திருந்த டயர்கள், புதியவற்றைவிடச் சராசரியாக 87 அடி தள்ளியே கார்களை நிறுத்தின. இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த நீளம் நிரம்பாது. எங்கள் டயரில் இருந்ததோ அதனினும் குறைவு.

இதை அறிந்தபின் எங்கள் கணக்கு முறையே மாறிற்று. கடைக்காரர் 1,00,000 கிலோமீட்டர் உறுதி என்று சொன்னால், அது மேடு தெரியும் வரை, அதாவது 6.4 மில்லிமீட்டரும் தேயும் வரையிலான ஓட்டம். 3.2 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிடுவதானால் நாம் பயன்படுத்துவது 4.8 மில்லிமீட்டர்தான், முக்கால் பங்கு. ஆகவே 1,00,000 என்பதை 75,000 என்றே குடும்பக் கணக்கில் எழுதவேண்டும். மிஞ்சும் கால் பங்கையும் தேய்த்துத் தீர்ப்பவர் காசை மிச்சப்படுத்துவதாக எண்ணுகிறார். உண்மையில் அந்தக் காசைப் பாதையைக் கடக்கும் யாரோ ஒருவரின் கணக்கில் கடன் எழுதுகிறார். மிகுதியாக ஓடும் காருக்கு இந்த ஆபத்து விரைவில் வருகிறது. மற்றவர் இரண்டாண்டுகளில் அடையும் தேய்மானத்தை நாங்கள் ஓராண்டில் அடைந்துவிடுகிறோம்.

அவ்வாறே விலையையும் கடைச்சீட்டில் பாராமல் கிலோமீட்டரில் பார்த்தோம். ஓர் எடுத்துக்காட்டு: மாட்டும் கூலியோடு 145 டாலர் விலையுள்ள டயர் 45,000 கிலோமீட்டர் பாதுகாப்பாக ஓடுமானால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 3 டாலர் 22 சென்ட். 205 டாலர் டயர் 75,000 ஓடுமானால், 2 டாலர் 73 சென்ட். மலிவானதே விலை மிகுந்ததாக முடிகிறது! எனினும் மிக நீண்ட ஆயுள் ஒன்றையே நாடினால், கடினமான ரப்பருக்காக ஈரப்பிடிப்பைப் பறிகொடுக்கவும் நேரலாம். எனவே ஈரத்தில் ‘ஏ’ தரத்துக்குக் குறையாதவற்றை முதலில் பிரித்தெடுத்து, அவற்றுள் கிலோமீட்டர்ச் செலவு குறைந்ததைத் தேர்ந்தோம். ஆண்டு ஓட்டத்தில் ஏறத்தாழ 15,000 பனிக்கால டயர்களுக்குப் போக, இவற்றின் பங்குக்கு 20,000 வருகிறது. ஆகவே இவை நான்காண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக உழைக்கும்.

வாங்கியபின் செய்யவேண்டியவை

நல்ல டயரும் கவனிப்பாரின்றிக் கெடும். மாதம் ஒருமுறை, வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைப் பார்க்கவேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவின் உட்சட்டத்திலுள்ள தாளில் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் இருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஒரு பவுண்டு குறையும். இலையுதிர் காலத்தில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயர்களைப் பின்னும், பின் டயர்களை முன்னும் மாற்றவேண்டும். அதற்கான சீட்டுகளைப் பத்திரப்படுத்தவேண்டும். சீட்டு இல்லையேல் நிறுவனத்தின் ஓட்ட உறுதி செல்லாமற் போகலாம். ஒருபக்கமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்கவேண்டும்.

பணமுடையால் இரண்டு மட்டும் வாங்க நேர்ந்தால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டுவதே முறை. முன்சக்கரம் நழுவினால் கார் நேரே போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க முடியும். பின்சக்கரம் நழுவினாலோ கார் சுழன்றுவிடும். பழகியவருக்கும் அதைத் தடுத்தல் அரிது.

இவ்வளவையும் மகளுக்கு அவளுடைய மொழியில் சொன்னோம். சில டாலர் விலையுள்ள ஓர் ஆழமானியை வாங்கிக் கொடுத்தோம். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, நான்கு டயர்களையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுவது அவள் பொறுப்பு. சென்ற ஞாயிறு தாத்தா வழக்கம்போல் அழைத்தார். இரண்டாவது கேள்வி வந்ததும், மகள் தொலைபேசியை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“இருக்கு தாத்தா. முன்னால ஆறரை, பின்னால ஏழு.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அப்போ சரி மக்களே, போயிட்டு வாங்க” என்றார் தாத்தா.

வெளிநாட்டில் வண்டியோட்டும் பிள்ளைகளையுடைய பெற்றோரே, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும்போது, இந்த இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். விடை உடனே வந்தால் நம்பாதீர்கள். குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.