கேளாமல் கொடுத்தவை

இரும்புத் தாதையும் நிலக்கரியையும் எழுதுகிற அதே பேரேட்டில் மனிதனையும் ஒரு பத்தியில் சேர்த்துவிடுகிற 'மனிதவளம்' என்னும் சொல் எனக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. ஆயினும் பெரிய ஸ்தாபனங்களெல்லாம் இன்று அதையே மந்திரம்போல் உச்சரிப்பதால், அதன் உட்பொருளை அறிய விரும்புவோர் ஜாம்ஷெட்பூரின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நல்லது.

நாகபுரியில் 1877-இல் எம்ப்ரெஸ் பஞ்சாலையைத் தொடங்கிய ஜாம்செட்ஜி டாட்டா, தொழிலாளருக்கென 1886-இல் ஓய்வூதிய நிதியையும் 1895-இல் விபத்து நஷ்டஈட்டையும் ஏற்படுத்தினார். சர்க்கார் இந்த நஷ்டஈட்டைச் சட்டமாக்கியதோ 1923-இல்தான். தாம் கனவு கண்ட இரும்பாலைக்கு இடம்கூட நிச்சயமாகாத 1902-இலேயே, அங்கே அமையப்போகும் நகரின் (அதுவே பின்னாளில் ஜாம்ஷெட்பூர்) வீதிகள் அகலமாக இருக்கட்டும், நிழல் மரங்கள் நடப்படட்டும், விளையாட்டு மைதானங்களுக்கும் கோயில், மசூதி, மாதாகோயில்களுக்கும் இடம் ஒதுக்கப்படட்டும் என்று புதல்வர் தொராப்ஜிக்குக் கடிதம் எழுதிய அவர், ஆலையைக் கண்ணால் காணாமலே 1904-இல் காலமானார். முதல் எஃகு வார்க்கப்பட்ட 1912-இலேயே அங்கு எட்டு மணி நேர வேலை அமலாயிற்று. தேசத்திற்கு அது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தால் கிட்டியது. இலவச வைத்தியம், சம்பளத்துடன் விடுமுறை, சேமநிதி, பிரசவ உதவி எனப் பிறவும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன.

இத்தனை உபகாரங்களுக்கும் நடுவே, அதே ஊரில் 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் பெரும் வேலைநிறுத்தங்கள் மூண்டதும், ஆட்குறைப்பின் காரணமாகக் கொந்தளித்த கடைசிப் போராட்டத்துக்குச் சுபாஷ் சந்திர போஸே தலைமை வகிக்க நேர்ந்ததும் ஏன்? எட்டு மணி நேரமும் ஆஸ்பத்திரியும் மேலிருந்து வந்த பிரகாரமே ஆட்குறைப்பும் மேலிருந்து வந்தது. தொழிலாளியின் அபிப்பிராயத்தை முன்னதற்கும் கேட்கவில்லை, பின்னதற்கும் கேட்கவில்லை என்பதே என் எண்ணம். (பகலில் இலவசச் சாப்பாடும் மாலையில் யோகா வகுப்பும் அளித்து, வேலை போன செய்தியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் இக்காலத்துக் கம்பெனிகளின் உள்ளமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.)

அந்த அபிப்பிராயத்தைக் கேட்கும் ஏற்பாடு பின்னரே வந்தது. ஆலை நிர்வாகம் தொழிற்சங்கத்தோடு 1956-இல் செய்துகொண்ட உடன்படிக்கையை ஒட்டி, நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து உற்பத்தியையும் பாதுகாப்பையும் பற்றி யோசிக்கும் கூட்டுக் குழுக்கள் பிரிவுதோறும் ஏற்பட்டன. எட்டு மணி நேர வேலை வந்து அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.